‘ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை, ஆனால் வலிக்கிறது’ – மன அழுத்தமும் உடம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். படித்தது பி.ஃபார்ம், நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகள் பெரும்பாலும் எங்களிடம்தான் வந்து சேரும். சீட்டை நீட்டும்போது ஒன்று, மீதிச் சில்லறையை எண்ணும்போது இன்னொன்று. அப்படித் திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்கிறார்கள். அப்படியென்றால் என் வலி பொய்யா?

பொய்யில்லை. இந்தக் கேள்வியை முதன்முதலில் என்னிடம் கேட்டவர் ஐம்பது வயது அம்மா ஒருவர். மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேசையில் பரப்பினார்: இரண்டு இ.சி.ஜி., ஒரு எக்கோ, ஒரு எண்டோஸ்கோப்பி, ஒரு வயிற்று ஸ்கேன். எல்லாம் ஒரே வருடத்தில் எடுத்தவை. எல்லாவற்றின் அடியிலும் ‘நார்மல்’. “மூன்றாவதாகப் பார்த்த டாக்டர், உங்களுக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் பிரமை என்று சொல்லிவிட்டார் தம்பி. அப்படியானால் சாப்பிட்டதும் வயிறு இப்படிப் பிசைகிறதே, அது யாருடைய வயிறு?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் உறுப்பின் அமைப்பைப் பார்க்கின்றன. புண் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று சொல்லும். குடல் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது, அங்கிருந்து கிளம்பும் செய்தியை மூளை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில் விழாது. நிறுத்தி வைத்த பஸ்ஸைப் படம் பிடித்தால், ஓடும்போது வருகிற சத்தம் எப்படித் தெரியும்?

குடலுக்கென்றே தனியாக ஒரு நரம்பு வலை உண்டு. அதில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பு அணுக்கள் இருக்கின்றன. மூளைக்கும் அதற்கும் இடையே வேகஸ் நரம்பு வழியாக நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை நடக்கிறது. இதைக் கண்ணால் பார்த்தவரும் உண்டு. 1822இல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்கு வயிற்றில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இரைப்பைக்குப் போன துளை மூடவே இல்லை. அதன் வழியாக அவர் வயிற்றைப் பல ஆண்டுகள் கவனித்த வில்லியம் போமான்ட் என்ற ராணுவ மருத்துவர், அந்த மனிதர் கோபப்படும்போது இரைப்பையின் நிறமும் சுரப்பும் மாறுவதைக் குறித்து வைத்தார். ‘அடிவயிறு கலங்கியது’, ‘வயிறு எரிகிறது’ என்று நாம் சொல்வதை வெறும் பேச்சு வழக்கு என்று தள்ளிவிட முடியாது.

அந்த அம்மாவின் மகள் எட்டு மாதமாக வீட்டுக்கு வரவில்லை என்பது நான்காவது முறை மாத்திரை வாங்க வந்தபோதுதான் தெரிந்தது. எந்த டாக்டரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

டென்ஷன் ஆகும்போது உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

இரவு பத்து மணிக்கு மேல் பைக்கில் வீடு திரும்பும்போது தெருமுனை நாய்கள் துரத்தியிருக்கின்றனவா? அந்தக் கணத்தில் நடப்பதுதான். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி சில நொடிகளில் அட்ரீனலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ஜீரண வேலை நின்றுபோகிறது, வாய் உலர்கிறது. சில நிமிடங்கள் கழித்துக் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது. கல்லீரலில் சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிட அதுவும் துணை நிற்கிறது. ஓடவோ சண்டை போடவோ தேவையான ஏற்பாடு இது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915 வாக்கில் இதை விளக்கினார்.

நாய் விட்டுவிட்டால் அரை மணி நேரத்தில், ஒரு மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். வட்டிக்கு விட்டவர் அப்படி விடுவதில்லை. தூரத்தில் அவர் வண்டிச் சத்தம் கேட்டாலும் உடம்பு அதே ஏற்பாட்டைச் செய்கிறது. மாதக் கணக்கில் செய்கிறது. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லை மருத்துவத்தில் பரப்பியவர் ஹான்ஸ் செலியே. 1936இல் கனடாவின் மான்ட்ரியலில் இருந்து அவர் எழுதிய சிறு கட்டுரையில், எந்த விதமான துன்பம் கொடுத்தாலும் எலிகளின் உடலில் மூன்று மாற்றங்கள் வருவதாகச் சொன்னார்: அட்ரீனல் சுரப்பி வீங்குகிறது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுருங்குகிறது, இரைப்பையில் புண் வருகிறது. பிற்காலத்தில் அவர் சிகரெட் கம்பெனிகளிடம் பணம் வாங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதயநோய்க்கு ‘டென்ஷன்தான் காரணம்’ என்று சொல்ல ஆள் கிடைத்தால் அவர்களுக்குக் கசக்கவா செய்யும்?

மன அழுத்தமும் மனச்சோர்வும் ஒன்றா?

இல்லை. நம் செய்தித்தாள்கள் இரண்டுக்கும் ‘மன அழுத்தம்’ என்றே எழுதிக் குழப்பி வைத்திருக்கின்றன. அழுத்தம் என்பது சுமை. சோர்வு என்பது ஒரு நோய்: இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் ஆர்வம் இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுவது. முன்னது நீண்டால் பின்னதில் போய் முடியலாம். மருத்துவம் இரண்டுக்கும் வேறு.

அல்சர் வந்ததற்கு டென்ஷன்தான் காரணம் என்கிறார்களே?

எங்கள் கடையில் அதிகம் விற்பது, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல்தான். எனவே இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் அல்சர் என்றால் காரம், கவலை, நேரத்துக்குச் சாப்பிடாமை என்பார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் அதை மாற்றினார்கள். 1982இல் ஈஸ்டர் விடுமுறை வந்ததால், நோயாளிகளின் இரைப்பைத் துணுக்குகளை வைத்த ஆய்வகத் தட்டுகள் வழக்கத்தைவிடச் சில நாட்கள் கூடுதலாக இருந்துவிட்டன. அதில்தான் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி வளர்ந்திருந்தது. யாரும் நம்பவில்லை என்பதால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி. பத்தாம் நாள் எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி. இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு. இன்று அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஒன்று இந்தக் கிருமி, மற்றொன்று, மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்கும் வலிமாத்திரைகள்.

அத்துடன் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே பகுதியில் நிலநடுக்கம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த வாரங்களில் அந்தப் பகுதி மருத்துவமனைகளுக்கு இரைப்பைப் புண்ணில் ரத்தம் கசிந்து வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. கிருமி முந்தின மாதமும் அவர்கள் வயிற்றில் இருந்ததுதான். புதிதாக வந்தது அதிர்ச்சி. நம் நாட்டிலும் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்தக் கிருமி இருக்கிறது, எல்லோருக்குமா புண் வருகிறது?

ஆகவே டென்ஷன் தனியாகப் புண் போடுவது அரிது. இருக்கிற நெருப்பை ஊதிவிடும். கிருமி இருந்தால் அதற்கான ஆன்டிபயாட்டிக் கோர்ஸை முழுதாகச் சாப்பிட வேண்டும். எத்தனை தியானம் செய்தாலும் கிருமி சாகாது.

நெஞ்சு படபடப்பும் வலியும் வருகின்றன. வாயுவா, பயமா, ஹார்ட்டா?

வீட்டில் உட்கார்ந்து இதைத் தீர்மானிக்காதீர்கள். சோடா குடித்துப் பார்க்கிறேன், ஓமம் மென்று பார்க்கிறேன் என்று இரண்டு மணி நேரத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவுதல், வியர்த்துக் கொட்டுதல் இருந்தால் 108. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம். முதலில் இ.சி.ஜி.; மற்றதெல்லாம் அப்புறம்.

இதயத்தில் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் பயத்தாக்கம் (பேனிக் அட்டாக்) பற்றிப் பேச வேண்டும். அது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கும். அந்த நேரத்தில் விரல் நுனியும் உதடும் மரத்துப்போவதற்குக் காரணம், வேக வேகமாக மூச்சுவிட்டு ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடை வெளியேற்றிவிடுவது. பக்கவாதமோ என்று பயந்து இன்னும் வேகமாக மூச்சு விடுவார்கள். மரமரப்பு இன்னும் கூடும்.

துக்கத்தில் நெஞ்சு வெடித்துச் செத்தார் என்பது உண்மையாகவே நடக்குமா?

நடக்கும். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு நோயை விவரித்தார்கள். மாரடைப்பு போலவே வலி, இ.சி.ஜி.யிலும் மாற்றம், ஆஞ்சியோ எடுத்தால் அடைப்பே இல்லை. ஆனால் இதயத்தின் இடது கீழறை அடியில் உப்பி, கழுத்தில் குறுகி நிற்கிறது. பேய்க்கணவாய் பிடிக்க அங்கே கடலில் இறக்கும் பானையின் வடிவம் அது. அந்தப் பானையின் பெயரையே, ‘தகோட்சுபோ’ என்று, நோய்க்கும் வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம். கணவர் இறந்த செய்தி, பிள்ளையின் விபத்து, சில சமயம் பெரிய சண்டை. பலருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. சிலர் இறந்தும் போகிறார்கள்.

அடைப்பு ஏற்கனவே உள்ள இதயத்துக்கு அதிர்ச்சி இன்னும் ஆபத்து. கோபே நிலநடுக்கத்துக்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1994 ஜனவரி 17 விடியற்காலையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி குலுங்கியது. அந்தக் கவுன்டியில் இதயநோயால் ஏற்படும் திடீர் மரணங்கள் அதற்கு முந்தைய நாட்களில் நாளுக்குச் சராசரியாக 4.6, அன்று மட்டும் 24. அடுத்த ஆறு நாட்களில் அது வழக்கத்தைவிடக் குறைந்தது. என்றைக்கோ விழவிருந்தவர்களை நிலநடுக்கம் முன்கூட்டியே தள்ளிவிட்டது என்றுதான் அதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதய அவசர நோயாளிகள் 2.66 மடங்கு. சூப்பர் ஓவர் பார்க்கும் பெரியவர்கள் இரவு மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ளட்டும்.

பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தானே டென்ஷன் அதிகம்?

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். லண்டனில் 1967இல் தொடங்கிய அரசு ஊழியர் ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. வாயிற்காவலர், கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பவர் போன்ற கடைநிலை ஆண் ஊழியர்களின் இதயநோய் மரண விகிதம், மேல்மட்ட அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். புகைப்பழக்கம், கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் பெரிய இடைவெளி மிஞ்சியது. எல்லோரும் நிரந்தர வேலையில் இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. மைக்கேல் மார்மட் என்ற ஆய்வாளரின் குழு பின்னர் செய்த ஆய்வுகள் சுட்டிக்காட்டிய காரணங்களில் ஒன்று, தன் வேலை மீது தனக்குப் பிடி இல்லாமை. எப்போது எழலாம், எப்போது போகலாம் என்பதை இன்னொருவர் தீர்மானிப்பது.

கேரளத்தில் பிறந்த இதய மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த மாரடைப்பு ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. முக்கியமான ஒன்பது காரணிகளின் பட்டியலில் புகையிலை, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மனநிலைச் சுமையும் இடம்பெற்றது.

பரீட்சை நேரத்தில் மட்டும் பிள்ளைக்குச் சளி பிடிக்கிறதே, நடிப்பா?

நடிப்பாக இருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 394 ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மன அழுத்தத்தை முதலில் அளந்துவிட்டு, பிறகு மூக்கில் சளி வைரஸ் சொட்டுகளை விட்டார்கள். 1991இல் முடிவு வெளியானது. அழுத்தம் குறைந்தவர்களில் சுமார் 27 சதவீதத்தினருக்குச் சளி பிடித்தது. அதிகம் இருந்தவர்களில் சுமார் 47 சதவீதம். ஐந்து வகை வைரஸ்களில் எதை விட்டபோதும் இதே போக்குதான்.

இன்னொன்று என்னால் மறக்க முடியாதது. அமெரிக்காவின் ஒஹாயோவில், மறதிநோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களுக்கும், அப்படிப் பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் கையில் 3.5 மி.மீ. அளவில் ஒரு சிறு காயம் செய்தார்கள். மற்றவர்களுக்கு அது ஆறச் சராசரியாக 39 நாள். பராமரிப்பவர்களுக்கு 48 நாளுக்கும் மேல். என் பாட்டிக்கு மறதிநோய் வந்த ஐந்து ஆண்டுகளில் அம்மாவின் கையில் சமையல் சூடு, கத்திக்கீறல் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். களிம்பு கொடுத்துக்கொண்டே இருந்தேன். அந்த ஆய்வைப் படித்தது பாட்டி போன பிறகு.

கடையில் பார்த்தால் பி.பி. ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று. எது சரி?

டாக்டரைக் கண்டாலே ஏறும் பி.பி. உண்டு, வெள்ளைக்கோட்டு ரத்த அழுத்தம் என்பார்கள். பார்ப்பதற்கு அரை மணி முன்பிருந்து காபி, சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, கால் ஊன்றி, பேசாமல் உட்காருங்கள். கை மேசையில் இருக்கட்டும். ஒரு வாரம் வீட்டில் இப்படிப் பார்த்து எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு அதுவே போதும். பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சர்க்கரையும் இப்படியே. சாப்பாடு, மாத்திரை எதுவும் மாறாமல் வீட்டில் கல்யாணம் நெருங்கும் மாதத்தில் அளவு ஏறும். கார்டிசாலின் வேலை அது. தூக்கம் கெடுவதும் சேர்ந்துகொள்ளும்.

முடி கொத்துக் கொத்தாக வருகிறது. ஷாம்பு மாற்றலாமா?

மாற்ற வேண்டாம், நாட்காட்டியைப் பின்னால் புரட்டுங்கள். இரண்டு மூன்று மாதம் முன்பு டைபாய்டு, டெங்கு, பிரசவம், ஆபரேஷன், வீட்டில் ஒரு சாவு ஏதாவது நடந்திருக்கும். அப்போது வளர்ச்சியை நிறுத்திய முடி இப்போது விழுகிறது. பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நிற்கும். நிற்காவிட்டால் தைராய்டும் ரத்தச்சோகையும் பார்க்க வேண்டும்.

மாதவிடாய் தள்ளிப்போகிறது. டென்ஷனாலா?

இருக்கலாம், மூளையிலிருந்து முட்டைப்பைக்குப் போகும் உத்தரவு தாமதமாகிறது. ஆனால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே இதைப் பேச வேண்டும். மூன்று மாதம் வராவிட்டால் டாக்டர்.

கவலைப்பட்டுக் கவலைப்பட்டுத்தான் கேன்சர் வந்தது என்கிறார்கள்.

இதைச் சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஐரோப்பாவில் 1,16,000 பேரின் தகவல்களைச் சேர்த்து 2013இல் வெளியான ஆய்வில், வேலை அழுத்தத்துக்கும் குடல், நுரையீரல், மார்பகம், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அழுத்தத்தில் புகைப்பதும் குடிப்பதும் கூடினால் அவை புற்றுநோயைக் கொண்டுவரும். நோயில் கிடப்பவரிடம் போய் ‘நீ மனசை அலட்டிக்கொண்டதால் வந்தது’ என்று சொல்லாதீர்கள்.

மாத்திரையின் பக்கவிளைவுகளைப் படித்ததும் அவையெல்லாம் எனக்கு வருகின்றன!

வரும். கொழுப்பு குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேருக்கு லண்டனில் ஒரு சோதனை நடத்தினார்கள். சில மாதங்கள் உண்மை மாத்திரை, சில மாதங்கள் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சில மாதங்கள் எதுவுமே இல்லை. எது உண்மை மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. 2020இல் வந்த முடிவின்படி, உண்மை மாத்திரையில் வந்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் மாத்திரையிலும் வந்தது. யாரும் நடிக்கவில்லை, கால் நிஜமாகவே வலித்தது. விவரம் தெரிந்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மாத்திரையை மீண்டும் தொடங்கினார்கள். துண்டுச் சீட்டைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. படித்துவிட்டு, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

தூக்கமே வரவில்லை. ஒரு அட்டை தூக்கமாத்திரை கொடுங்களேன்.

கொடுக்க மாட்டேன். அல்பிரசோலம் போன்றவை ஹெச்-1 அட்டவணையில் வருகின்றன. டாக்டர் சீட்டு வேண்டும். உங்கள் பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சில வாரங்களில் உடம்பு பழகிவிடும், திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அண்டை வீட்டுக்காரருக்குப் பலன் தந்ததென்று உங்களுக்கும் தந்துவிடாது.

மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்?

ஊருக்கு எப்படித் தெரியும்? மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளிச் சீட்டு போடுவது மற்றப் பிரிவுகளைப் போலத்தான். போக மனமில்லை என்றால் 14416, டெலி-மானஸ். 2022 அக்டோபர் முதல் நடக்கும் மத்திய அரசின் இலவச எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் 1926 என்ற எண். வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் வந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே அழையுங்கள்.

சரி, குறைக்க என்னதான் செய்வது?

மூச்சை நிமிடத்துக்கு ஆறு முறை என்ற கணக்கில், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக வைத்து ஐந்து நிமிடம் விட்டால் இதயத் துடிப்பு இறங்கும். தினம் அரை மணி வேக நடை தூக்கத்தையும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். மாலை நான்குக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். இவை வேலை செய்கின்றன. கூச்சமில்லாமல் சிபாரிசு செய்கிறேன்.

ஆனால் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கடனுக்கு வழி, நைட் ஷிப்ட் மாற்றம், படுக்கையில் கிடப்பவரை வாரத்துக்கு ஒரு நாளாவது பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் – இவையும் மருந்துதான். எங்கள் அலமாரியில் கிடைக்காதவை.

உங்களுக்கு டென்ஷன் வராதா?

கேட்டவர் அந்த மஞ்சப்பை அம்மாவேதான். மார்ச் மாதம், கணக்கு முடிக்கும் நேரம். இரவில் பல்லைக் கடிக்கிறேன் என்று மனைவி சொல்வாள், நான் ஒப்புக்கொண்டதில்லை. கடைவாய்ப் பல்லில் விரிசல் விழுந்த பிறகு பல் டாக்டர் உறை ஒன்று செய்து கொடுத்தார். ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி கடைசியில் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கழுவி வைக்கிறேன். அந்த அம்மாவின் மகள் இப்போது போனில் பேசுகிறாளாம். போன முறை அந்த அம்மா பாண்டோபிரசோல் பாதி அட்டை போதும் என்றார்.